நாள்பட்ட நெஞ்செரிச்சலுக்கு லேப்ராஸ்கோப்பி: பரிசோதனையிலிருந்து வழக்கமான சாப்பாடு வரை

படுத்ததும் புளித்த நீர் தொண்டைக்கு ஏறுகிறது. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை நிறுத்தினால் சில நாளிலேயே எரிச்சல் திரும்புகிறது. வருடக்கணக்கில் இப்படி இருப்பவர்களுக்குச் செய்யப்படும் அறுவை ஃபண்டோப்ளிகேஷன்: இரைப்பையின் மேல்முனையை உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியைச் சுற்றித் தைப்பது. 1955-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் ருடால்ஃப் நிஸன் என்ற அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து முதலில் செய்தது. 1991-லிருந்து சிறு துளைகள் வழியே, அதாவது லேப்ராஸ்கோப்பியில், நடக்கிறது.

மாத்திரை அமிலத்தைக் குறைக்கும். இரைப்பையில் இருப்பது மேலே வருவதைத் தடுக்காது. அதனால் மாத்திரையில் எரிச்சல் அடங்கியும் எதுக்களிப்பு மட்டும் நிற்காதவர்களுக்கு இந்த அறுவை நல்ல பலன் தரும். மாத்திரையில் துளிகூடக் குறையவில்லை என்பவர்கள் அவசரப்படக் கூடாது. அவர்களுக்கு நோய் வேறாக இருக்கலாம்.

பரிசோதனைகள்: இங்கே சுருக்க வேண்டாம்

அறுவை தோற்றுப்போவதற்குப் பெரிய காரணம், தேவையில்லாதவருக்குச் செய்வது. என்டோஸ்கோபியில் லேசான புண் தெரிந்தால் மட்டும் போதாது, அதில் ஒன்றும் தெரியாவிட்டால் நோயில்லை என்றும் ஆகாது.

மூக்கு வழியே மெல்லிய குழாயை இறக்கி, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் 24 மணி நேரம் அமிலத்தை அளப்பார்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 4-க்குக் கீழே இருந்த நேரம் 6 சதவீதத்தைத் தாண்டினால் நோய் உறுதி. 4 சதவீதத்துக்குள் இருந்தால் இயல்பு. முதல்முறை நோயை உறுதிசெய்ய அளப்பதென்றால் அமிலம் குறைக்கும் மாத்திரையை ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பலரும் தவறுவது சோதனை நாளில்தான்: குழாய் உறுத்துகிறதென்று பாதிச் சாப்பாட்டோடு எழுந்து, நாள் முழுக்க நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வழக்கமான குழம்பு, வழக்கமான நேரத்துக்குப் படுக்கை என்று இருந்தால்தான் அளவு உண்மையாக வரும். எரியும்போதெல்லாம், அளவைப் பதியும் பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்துங்கள்.

மேனோமெட்ரி என்பது உணவுக்குழாய்த் தசையின் அழுத்தத்தை அளப்பது. இதைச் செய்யாமல் மேசையில் ஏறக் கூடாது. அக்கலேசியா என்ற நோயில் கீழ் வால்வு திறக்காமல், உணவு மேலேயே தேங்கிப் புளிக்கும். நோயாளி அதையும் நெஞ்செரிச்சல் என்றே சொல்வார். அங்கே போய் இன்னும் இறுக்கினால் தண்ணீர்கூட இறங்காது. தசை பலவீனமாக இருந்தால் முழுச்சுற்று போடாமல் 270 பாகை அளவுக்குப் பகுதிச்சுற்று போடுவது வழக்கம். இரைப்பை நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறதா என்பதை, பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் பேரியம் எக்ஸ்ரே காட்டும்.

உடல் எடைக் குறியீடு 35-க்கு மேல் இருப்பவர்கள் இரைப்பை பைபாஸ் அறுவை பற்றிக் கேளுங்கள். எடையும் குறையும், எதுக்களிப்பும் அடங்கும். எடை குறைக்க இரைப்பையை ஒடுக்கும் ஸ்லீவ் அறுவை எதுக்களிப்பைக் கூட்டக்கூடும்.

உள்ளே என்ன செய்கிறார்கள்

முழு மயக்கம். 5 முதல் 12 மி.மீ. அளவில் நான்கைந்து துளைகள். கார்பன் டை ஆக்சைடால் வயிற்றை உப்ப வைத்து, ஈரலின் இடப்பக்கத்தை ஒதுக்கிப் பிடிப்பார்கள். உணவுக்குழாயை, இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்புக்குச் சேதமில்லாமல் விடுவித்து, இரண்டு மூன்று செ.மீ. வயிற்றுக்குள் தொய்வாக நிற்கும்வரை கீழே கொண்டுவருவார்கள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் அகன்றுபோன துளையைக் கரையாத நூலால் தைத்துச் சுருக்குவார்கள். பிறகு இரைப்பையின் மேல்முனையை உணவுக்குழாயின் பின்பக்கமாக இழுத்து வந்து முன்னால் சேர்ப்பார்கள். கழுத்தில் போட்ட துண்டின் இரு முனையையும் பிடித்து மாற்றி மாற்றி இழுப்பதுபோல் அதை இழுத்துப் பார்ப்பது வழக்கம். தடையில்லாமல் நழுவி, கையை விட்டதும் பின்னால் ஓடாமல் நின்றால் சுற்று சரியாக இருக்கிறது. பலர் உணவுக்குழாய்க்குள் 18 முதல் 20 மி.மீ. தடிப்பில் ஒரு குழாயை விட்டுக்கொண்டே தைக்கிறார்கள். சுற்று இறுகாமலிருக்க அது அளவுகோல். சுற்றின் நீளம் சுமார் 2 செ.மீ. அதற்கு மேல் நீண்டால் விழுங்கச் சிரமம்.

முதல் இரவும் ஆறு வாரமும்

விழித்ததும் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். வாயு உதரவிதானத்தை உறுத்துவதன் வலி அது; எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் போய்விடும். பயப்பட வேண்டியது ஓங்கரிப்புக்கு. முதல் நாட்களில் வாந்திக்கு முக்கினால் தையல் பிரிந்து, சுற்று நெஞ்சுக்குள் ஏறிவிடலாம். லேசாகக் குமட்டும்போதே நர்ஸிடம் ஊசி கேளுங்கள்; பொறுத்துப் பார்க்காதீர்கள்.

முதல் சில நாள் நீராகாரம்: மோர், இளநீர், பருப்புத் தண்ணீர், காரமில்லாத வடிகட்டிய ரசம். ஒரு நேரத்துக்கு அரை டம்ளர். இரண்டு மணிக்கொரு தரம். பிறகு இரண்டு வாரம்வரை கஞ்சி, ராகிக்கூழ், அரைத்த காய். அடுத்து, குழைந்த சாதத்தைத் தயிரோ ரசமோ விட்டுக் கையால் மசித்து, நெல்லிக்காய் அளவு உருண்டையாக. இட்லியைப் பத்தியச் சாப்பாடு என்று நம்பி முதல் வாரமே கொடுத்துவிடுகிறார்கள். மெல்லாத உலர்ந்த இட்லி எச்சிலில் ஊறிப் பிசைந்த மாவாகி, வீங்கிய சுற்றின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். ரொட்டி, சப்பாத்தி, பரோட்டா, கோழியின் நெஞ்சுக்கறி எல்லாம் அதே கதைதான். இட்லியென்றால் நான்காம் வாரத்தில், சாம்பாரில் ஊறவைத்துக் கரைந்த நிலையில். ஏதாவது நின்றுவிட்டால் தண்ணீர் விட்டுத் தள்ளாதீர்கள். எழுந்து நின்று மெதுவாக நடங்கள், பெரும்பாலும் தானே இறங்கும்.

சோடா, ஸ்ட்ரா, சூயிங்கம் வேண்டாம். ஏப்பம் சரியாக வராததால் விழுங்கிய காற்று கீழ்வழியாகத்தான் போக வேண்டும். வயிறு உப்பும், காற்று அதிகம் பிரியும். இது அறுவை கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. பெரிய மாத்திரைகளுக்குப் பதில் சிரப் கேளுங்கள். மேற்பூச்சுள்ள மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் பொடிக்காதீர்கள். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், வண்டியை உதைத்துக் கிளப்புவது கூடாது. மலச்சிக்கலில் முக்குவதும் அதே அழுத்தம்தான், மலமிளக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

எச்சில்கூட இறங்கவில்லை, காய்ச்சல், நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத் திணறல், வயிறு கல்லாகிப்போதல்: அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள். விழுங்கும் சிரமம் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலும் தணியும். மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் பேரியம் எக்ஸ்ரே, என்டோஸ்கோபி பார்த்து, தேவைப்பட்டால் பலூனால் விரிப்பார்கள்.

எல்லோருக்கும் இது நிரந்தரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுவீடனில் 2005 முதல் 2014 வரை அறுவை செய்துகொண்ட 2,655 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், 17.7 சதவீதத்தினருக்கு எதுக்களிப்பு திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர் மீண்டும் மாத்திரைக்குப் போனார்கள், ஒரு பகுதியினருக்கு மறுஅறுவை.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் முழுச்சுற்றா பகுதிச்சுற்றா என்று எழுதச் சொல்லி, அதைப் பத்திரப்படுத்துங்கள். முழுச்சுற்று போட்டவர்களில் பலருக்கு வாந்தி எடுக்க வராது. பின்னாளில் உணவு ஒவ்வாமல் வயிறு உப்பி, குமட்டல் மட்டும் இருந்தால், வாந்தியே இல்லையே என்று ஊர் மருத்துவர் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடும். அந்தத் தாளை முதலில் அவரிடம் காட்டுங்கள்.