கோர்ட்டைப் பக்கத்து ஊருக்கு மாற்றப் போகிறீர்களா?

குமாஸ்தாவாக இருந்தபோது எங்கள் கோர்ட்டைப் பக்கத்து ஊருக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. அதே ஆணை உங்கள் கைக்கும் வந்திருந்தால், லாரி பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில், எந்த வழக்கு எந்தத் தேதியில் என்று எழுதியிருக்கும் வாய்தா டைரியை எடுங்கள்.

மாறும் நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரத்துக்கு உள்ள வழக்குகளைப் பாருங்கள். சாட்சி விசாரணை, காவல் நீட்டிப்பு, தடையாணை முடியும் தேதி மூன்றையும் சிவப்பு மையில் குறியுங்கள். கதவு பூட்டியிருக்கும் நாளில் தடையாணை முடிந்தால், எதிர்த் தரப்பு மறுநாளே சுவரை இடித்துவிடும். அந்த வழக்குகளை முன்கூட்டியே நீதிபதியின் பார்வைக்கு வையுங்கள். ரிமாண்டுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது; பொறுப்பு நீதிபதி யார் என்ற உத்தரவைக் கையில் வாங்கிய பிறகே மூட்டை கட்டத் தொடங்குங்கள். வழக்குத் தாக்கல் செய்யக் கெடு முடியும் நாளில் கோர்ட் மூடியிருந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 4-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. ஆகவே மூடிய தேதியையும் திறந்த தேதியையும் எழுத்தில் பதிந்து வையுங்கள். பின்னால் யாராவது கேட்பார்கள்.

அடுத்தது எடை. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 200 தாள் உள்ள கட்டு ஒரு கிலோ. 5,000 கட்டு என்றால் 5 டன், அலமாரி தனி. பதிவறையை மாடியில் வைக்கச் சொன்னால், தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள். தரைத்தளம்தான் என் விருப்பம், ஆனால் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள். ஓதம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும்.

பழைய கட்டைக் கயிற்றைப் பிடித்துத் தூக்காதீர்கள். நூல் தாளின் ஓரத்தை அறுத்துவிடும், அங்கேதான் கையெழுத்து இருக்கும். அடியில் உள்ளங்கையைக் கொடுத்து ஏந்துங்கள். வரிசை எண் கலையாமல் பெட்டியில் அடுக்கி, பட்டியலில் ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளும் ஒன்றை உங்களிடமும் வையுங்கள். நிலுவை வழக்குகளைக் கடைசியாக ஏற்றினால் முதலில் இறக்கலாம்.

சான்றுப் பொருள்களில் அரக்கு முத்திரை உடைந்திருந்தால் கிளம்பும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். போய்ச் சேர்ந்தபின் எழுதினால் வழியில் உடைந்ததாகத்தான் ஆகும். நகை, பணம், ஆயுதம் காவலோடு அன்றே போய்ச் சேர வேண்டும்.

இவ்வளவும் செய்தும் ஒன்றை விட்டுவிட்டேன். மாறிய நாலாம் நாள் பழைய கட்டடத்துக்குப் போனபோது, பூட்டிய கேட் முன்னால் ஒரு பாட்டி நின்றிருந்தார். கையில் எட்டாக மடித்த சம்மன். அதில் பழைய முகவரி. "உள்ள கூப்பிடுவாங்களா தம்பி?" என்றார். கேட்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தோம், அவருக்குப் படிக்கத் தெரியாது. அங்கிருந்தே தொலைபேசியில் சொல்லி, அவர் பேரை மதியத்துக்குத் தள்ளிவைக்கக் கேட்டேன். நல்லவேளை, கேட்டார்கள்.

எனவே ஏற்கெனவே போன சம்மன்களைப் பட்டியலிட்டு ஒவ்வொருவருக்கும் ஆள் மூலம் தகவல் சொல்லுங்கள். மாறும் நாளுக்கு முந்தைய வாய்தாவுக்கு வருபவர்களிடம் புது இடத்தை வாய்விட்டுச் சொல்லி, பெரிய எழுத்தில் சீட்டும் கொடுங்கள். முதல் மூன்று மாதம் பழைய கேட்டில் ஓர் ஊழியரை உட்கார வையுங்கள். அவர் காலை எட்டரைக்கே வந்துவிட வேண்டும். தூரத்திலிருந்து வருபவர்கள் முதல் பேருந்தில் வந்து இறங்கிவிடுவார்கள்.