டாக்கில் பல இன்புட் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக டாக் (டிஜிட்டல் ஆடியோவை வோல்டேஜாக மாற்றும் கருவி) கட்டுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இரண்டாவது இன்புட் சேர்க்கும் இடத்தில்தான். போன மாதம் ஒரு தம்பி தன் போர்டைக் கொண்டுவந்து காட்டினார். கணினிக்கு யுஎஸ்பி, சிடி பிளேயருக்கு கோஆக்ஸ், டிவிக்கு ஆப்டிகல், முன்பக்கம் ஒரு ரோட்டரி ஸ்விட்ச். பத்து வருடம் முன்பு நான் செய்த தவறுகள் ஒன்றுகூட விடுபடவில்லை. பிளஸ் மைனஸ் மாறுவது, சால்டர் சரியாகப் பிடிக்காதது எல்லாம் தானாகவே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

லாக்கை மட்டும் நம்பி மியூட்டை எடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். சிஎஸ்8416 மாதிரியான ரிசீவர் சிப், வரும் சிக்னலில் இருந்து க்ளாக்கைப் பிடித்ததும் (இதுதான் லாக்) எரர் பின்னை லோ ஆக்கும். அந்த ஒரு பின்னை வைத்தே, அவுட்புட்டை அடைக்கும் மியூட் ரிலேயை ஓட்டினேன். பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள், குறைந்த சத்தத்தில் பதிவான கச்சேரி ஒன்றைக் கேட்டுவிட்டு, ஏற்றிவைத்த வால்யூமைக் குறைக்காமல் ஆப்டிகலுக்குத் திருப்பினேன். வீட்டில் யாரோ டிவி ஆடியோ செட்டிங்கை பிசிஎம்மில் (சுருக்காத ஆடியோ) இருந்து டால்பிக்கு மாற்றியிருந்தார்கள். டர்ர்ர் என்று முழு அளவில் ஒரு சத்தம். ஆம்பை அணைக்க எழுந்து போவதற்குள் இடது ட்வீட்டர் போய்விட்டது. அந்த மாடல் இப்போது வருவதில்லை என்பதால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியதாயிற்று.

சிப் மேல் தப்பில்லை. டால்பி டிஜிட்டலும், கோஆக்ஸிலும் ஆப்டிகலிலும் ஓடும் அதே எஸ்பிடிஃப் ஃபிரேமுக்குள், அதே 48 கிலோஹெர்ட்ஸில்தான் வருகிறது, அதனால் லாக் அருமையாகக் கிடைக்கும். உள்ளே சுருக்கிய டேட்டா இருப்பது டாக்குக்குத் தெரியாது, வந்த எண்ணையெல்லாம் வோல்டேஜாக்கும். 16 பிட் ஸ்டீரியோவுக்கு நொடிக்கு 1536 கிலோபிட் இடம் இருக்கிறது. டால்பி 384 கிலோபிட் என்றால் கால்வாசி நேரம் இரைச்சல், மீதி பூஜ்யம். 1536 சாம்பிளுக்கு ஒரு வெடிப்பு, அதாவது நொடிக்கு 31 தடவை. அந்த டர்ர்ர் அதுதான்.

இதற்கு வழி அதே சிப்பிலேயே இருக்கிறது. ஹார்டுவேர் மோடில் ஆடியோ என்றே ஒரு பின், பிசிஎம் வந்தால் லோ, இல்லாவிட்டால் ஹை. கோஆக்ஸோ ஆப்டிகலோ தேர்வாகியிருக்கும்போது, எரர், ஆடியோ இரண்டும் லோ ஆனால் மட்டும் ரிலே திறந்து சத்தத்தை விடட்டும். ஒரு நார் கேட், ஒரு டிரான்சிஸ்டர் போதும். பவர் இல்லாதபோது ரிலே அவுட்புட்டை கிரவுண்டில் பிடித்திருக்க வேண்டும், திறப்பதற்கு அரை நொடி தாமதமும் கொடுங்கள். சோர்ஸ் மாற்றும்போது முதலில் மியூட், அப்புறம்தான் மாற்றம். யுஎஸ்பி பக்கமும் இதே ஆபத்து உண்டு: பிசிஎம் மட்டும் படிக்கும் டாக்குக்கு டிஎஸ்டி என்ற வேறு வகை டிஜிட்டல் ஆடியோ போனால் வெறும் இரைச்சல்தான். அமனேரோ போன்ற யுஎஸ்பி போர்டுகளில் டிஎஸ்டி ஓடுகிறதா என்று சொல்லும் பின் இருக்கிறது, யுஎஸ்பி தேர்வாகியிருக்கும்போது அதை வைத்து மியூட் செய்யுங்கள்.

தம்பியின் போர்டிலும் லாக் பின் மட்டும்தான். அவர் டிவி இன்னும் பிசிஎம்மில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஐ2எஸ்ஸை ரோட்டரி ஸ்விட்ச் வழியாக இழுப்பது

ஐ2எஸ் என்பது ரிசீவரில் இருந்தும் யுஎஸ்பி போர்டில் இருந்தும் டாக் சிப்புக்குப் போகும் டிஜிட்டல் கோடுகள். அதோடு வரும் மாஸ்டர் க்ளாக் பொதுவாக 11.2896 அல்லது 12.288 மெகாஹெர்ட்ஸ். இதை முன்பக்கம் வரை ஒயரில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால் முனைகள் சிதைந்து, பாட்டுக்கு நடுவே டிக் டிக் கேட்கும். டாக் சிப்புக்குப் பக்கத்தில் ஒரு 74எல்விசி157 (இரண்டு சோர்ஸில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிப்) வையுங்கள். மாஸ்டர் க்ளாக், பிட் க்ளாக், எல்ஆர் க்ளாக், டேட்டா நான்கும் ஒன்றாக மாறும், ஸ்விட்ச் வெறும் டிசியை மட்டும் தொடும். டேட்டாவை மாற்றி க்ளாக்கைப் பழைய சோர்ஸிலேயே விட்ட சர்க்யூட்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டு சோர்ஸின் க்ளாக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

கோஆக்ஸ் ஜாக்குகளை ஒன்றாக இணைப்பது

வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனி 75 ஓம் ரெசிஸ்டர், ரிசீவர் சிப்பில் தனி இன்புட் பின்.

கணினி அணைந்தபின் யுஎஸ்பி போர்டு

கணினியின் 5 வோல்ட்டில் ஓடும் போர்டு என்றால், கணினி அணைந்ததும் அதன் நான்கு ஐ2எஸ் கோடுகளும் அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொன்றிலும் கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள்.