ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் போடுபவரா? பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாறும் வழி

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை, என் மின்னஞ்சல் கணக்கில் புதிய கருவியிலிருந்து யாரோ நுழைந்திருப்பதாக ஓர் அறிவிப்பு வந்தது. கடவுச்சொல்லை யாரிடமும் சொன்னதில்லை, எங்கும் எழுதி வைத்ததும் இல்லை. தோண்டிப் பார்த்தால், எப்போதோ இரண்டு வாரம் மட்டும் பயன்படுத்தி மறந்துபோன ஒரு தளத்தின் பயனர் பட்டியல் திருடு போயிருந்தது. அந்தத் தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் நான் வைத்திருந்தது ஒரே கடவுச்சொல். திருடியவர்களுக்கு நான் யாரென்றே தெரியாது. கசிந்த பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் மற்ற தளங்களில் போட்டுப் பார்க்கிற நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கும். என் முறை வந்தபோது கதவு திறந்துகொண்டது.

இது புதிய வித்தை இல்லை. 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் கசிந்தன. குறியாக்கம் எதுவும் இல்லாமல், அப்படியே எழுத்தாக வைத்திருந்தார்கள். அதில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. கடவுச்சொல் உடைக்கப் பழகுபவர்கள் இன்றும் முதலில் எடுப்பது அந்தப் பட்டியலைத்தான். பெயருக்குப் பின்னால் பிறந்த ஆண்டு, ‘ஏ’-க்குப் பதில் ‘அட்’ குறி என்று நாம் செய்யும் சாமர்த்தியங்கள் எல்லாம் அந்தக் கருவிகளுக்கு எப்போதோ தெரியும்.

ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு கடவுச்சொல் வைத்தால்தான் இதிலிருந்து தப்பலாம். நூறு கடவுச்சொல்லை மனிதனால் நினைவில் வைக்க முடியாது. அந்த வேலையைத்தான் பாஸ்வேர்டு மேனேஜர் செய்கிறது. இதுவரை அதைத் தொட்டே பார்க்காதவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் செய்த தவறுகளும் இதில் உண்டு.

படி 1: எதை எடுப்பது?

பிட்வார்டன் எடுங்கள். மூலநிரல் திறந்திருக்கிறது (யார் வேண்டுமானாலும் படித்துச் சரிபார்க்கலாம்), இலவசக் கணக்கிலேயே கணினி, போன் என்று எத்தனை கருவிகளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எத்தனை கடவுச்சொல் வேண்டுமானாலும் சேமிக்கலாம். தொடங்குபவருக்கு இது போதும்.

யாருடைய சர்வரிலும் எதையும் வைக்க விருப்பமில்லை என்றால் கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறது. எல்லாம் உங்கள் கணினியில் ஒரே கோப்பாக இருக்கும். ஆனால் அதைப் போனுக்குக் கொண்டுபோவது, நகல் எடுத்து வைப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. நகல் எடுக்கும் பழக்கம் இல்லாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பிரவுசரே சேமித்துக்கொள்கிறதே, அது போதாதா? எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். உங்களிடம் இருப்பதெல்லாம் ஆப்பிள் கருவிகள் என்றால், ஐஓஎஸ் 18-லிருந்து ‘பாஸ்வேர்ட்ஸ்’ என்று தனிச் செயலியே வருகிறது, அதிலேயே இருந்துவிடலாம். போன் ஒரு நிறுவனம், கணினி இன்னொரு நிறுவனம், பிரவுசர் மூன்றாவது நிறுவனம் என்று இருப்பவருக்குத்தான் தனி மேனேஜர் நிம்மதி தரும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் அதையே திருடிவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். திருடியிருக்கிறார்கள். 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களே களவு போயின. உள்ளே கடவுச்சொற்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. தளங்களின் முகவரிகள் செய்யப்படவில்லை. அதை வைத்துத் திருடர்கள் என்ன செய்ய முடியும் என்பது, ஒவ்வொருவரும் வைத்திருந்த முதன்மைக் கடவுச்சொல் எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் அடுத்த படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

படி 2: முதன்மைக் கடவுச்சொல்

பெட்டகத்தைத் திறக்கும் சாவி இது. மேனேஜர் நிறுவனத்துக்கே இது தெரியாது. மறந்தால் அவர்களாலும் மீட்டுத் தர முடியாது. நினைவில் நிற்கவும் வேண்டும், யாரும் ஊகிக்கவும் கூடாது.

வாக்கியமாக யோசிக்காதீர்கள். திருக்குறள், ஆத்திசூடி, பழமொழி, பாட்டு வரி எதுவும் வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிவது லட்சம் பேருக்கும் தெரியும். தொடர்பே இல்லாத சொற்களைக் குலுக்கி எடுக்க வேண்டும். இதற்கு டைஸ்வேர் என்று ஒரு முறை 1995-லிருந்தே இருக்கிறது. 7776 சொற்கள் கொண்ட பட்டியல். பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். இப்படி ஐந்து சொல் எடுத்தால், 28-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்டால் எவ்வளவோ கிட்டத்தட்ட அத்தனை சாத்தியங்கள்.

அந்தப் பட்டியல்கள் ஆங்கிலத்தில்தான் அதிகம். நான் தடிமனான ஒரு தமிழ் அகராதியை எடுத்துக் கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட சொல்லை எழுதினேன். இது முழுக் குலுக்கல் ஆகாது, நடுப்பக்கங்களே அதிகம் வரும். அதை ஈடுகட்ட ஆறு சொல் எடுத்துக்கொள்ளுங்கள். வாளி, நரி, தூண், சந்தம், முழங்கை, ஓரம் என்கிற மாதிரி வரும். (இதையே வைத்துவிடாதீர்கள், இப்போது இது ஊருக்கே தெரியும்.) வந்த சொல் பிடிக்கவில்லை என்று மாற்றவும் கூடாது, பிடித்ததைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் குலுக்கலுக்கு அர்த்தம் போய்விடும்.

தமிழில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன்.

முதலில் ஆசையாகத் தமிழ் எழுத்திலேயே வைத்தேன். வேறொரு விசைப்பலகையில் அடித்தபோது ஏற்கவில்லை. ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மென்பொருள் இரண்டையும் சமன் செய்துகொள்ளாவிட்டால், அதற்கு வேறு வேறு. அதனால் சொல் தமிழாக இருக்கட்டும், அடிப்பது ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

சரி என்று ஆங்கில எழுத்தில் ‘மழை’ வைத்தேன். மூன்றே நாளில் மறந்தது, சொல்லை இல்லை, எழுத்துக்கூட்டலை. ழகரத்துக்கு இசட்-எச் போட்டேனா, எல் போட்டேனா? எல் என்றால் மழையும் மலையும் ஒன்றாகிவிடும். நெடிலுக்கு ஒரு ஏ-யா, இரண்டு ஏ-யா? அகராதியில் ழ, ள, ண, ற உள்ள சொல் வந்தால் தாண்டிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள். நெடிலை எப்படி எழுதுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். (மேலே சொன்ன முழங்கை இந்த விதிப்படி தேறாது. தூணும் வாளியும் தேறாது.) சொற்களுக்கு நடுவே சிறு கோடு போடலாம்.

எடுத்த சொற்களை ஒரு தாளில், ஆங்கில எழுத்தில் எப்படி அடிப்பீர்களோ அப்படியே எழுதுங்கள். தாளா என்று பதற வேண்டாம். வீட்டு அலமாரிக்குள் எட்டிப் பார்க்க இணையத் திருடனால் முடியாது.

படி 3: கணக்கு திறப்பது

பிட்வார்டனின் அதிகாரப்பூர்வத் தளத்துக்குப் போய் இலவசக் கணக்கு திறங்கள். முகவரியை நீங்களே அடித்துப் போங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்த வேண்டாம். பதிவு செய்யும்போது உங்கள் தரவு அமெரிக்காவில் இருக்க வேண்டுமா, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க வேண்டுமா என்று ஒரு தேர்வு இருக்கும். எதுவானாலும் சரி, ஆனால் தேர்ந்தெடுத்ததைத் தாளில் குறித்துவையுங்கள். உள்நுழையும்போதும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். மாறிவிட்டால், சரியான கடவுச்சொல்லுக்கும் தவறு என்றே பதில் வரும்.

கடவுச்சொல் குறிப்பு கேட்டால் காலியாக விடுங்கள். தாள் இருக்கிறதே.

பிறகு பிரவுசரில் எக்ஸ்டென்ஷன், போனில் செயலி. போன் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘ஆட்டோஃபில்’ என்று தேடி, அங்கே பிட்வார்டனைத் தேர்ந்தெடுத்தால் செயலிகளிலும் அதுவே நிரப்பும்.

கைரேகைத் திறப்பை முதல் இரண்டு வாரத்துக்கு இயக்காதீர்கள். எரிச்சலாக இருக்கும், தெரியும். தினம் நான்கு தடவை கையால் அடித்தால்தான் அந்த ஆறு சொல் விரலுக்குப் பழகும். முதல் நாளே கைரேகை போட்டவர்கள்தான் ஆறு மாதம் கழித்துப் போன் மாற்றும்போது தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

படி 4: பழையதைக் கொண்டுவருவது

குரோமில் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜரைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் அழுத்தினால் ஒரு சிஎஸ்வி கோப்பு இறங்கும். பிட்வார்டனில் டூல்ஸ் பகுதியில் இம்போர்ட் டேட்டா போய், வகையில் குரோம் என்று தேர்ந்தெடுத்து அந்தக் கோப்பைக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

கவனிக்க வேண்டியது அந்தக் கோப்பைத்தான். அதற்குப் பூட்டு கிடையாது. எக்செல்லில் திறந்தால் உங்கள் எல்லாக் கடவுச்சொல்லும் வரிசையாக நிற்கும். அதை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளாதீர்கள். இம்போர்ட் முடிந்ததும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறை கிளவுடில் நகலாகும்படி வைத்திருந்தால் அங்கேயும் போய் அழிக்க வேண்டும். அப்புறம் பிரவுசரின் ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா’ வசதியை நிறுத்திவிடுங்கள். இரண்டு பேரும் போட்டி போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

படி 5: மாற்றத் தொடங்குவது

இதுவரை செய்ததில் உங்கள் பாதுகாப்பு கூடவில்லை. பழைய பலவீனமான கடவுச்சொற்கள் புதுப் பெட்டிக்கு வந்திருக்கின்றன, அவ்வளவே. பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். இன்னும் சிலர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நூறையும் மாற்ற உட்கார்ந்து, இருபதாவதில் வெறுத்துப்போய் எழுந்துவிடுகிறார்கள்.

முதல் நாள் மின்னஞ்சல் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்ற எல்லாத் தளங்களின் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ இணைப்பும் அங்கேதான் வருகிறது. அது போனால் எல்லாம் போனது. மறுநாள் பணம் சார்ந்த கணக்குகள். பிறகு போனோடு இணைந்த கணக்கு, புகைப்படங்கள் இருக்கும் கிளவுட், சமூக வலைத்தளங்கள். மீதியை, அடுத்த முறை அந்தத் தளத்துக்குப் போகும்போது மாற்றினால் போதும். இணையப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹண்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால், அது இதுவரை எந்தெந்தக் கசிவுகளில் சிக்கியிருக்கிறது என்று காட்டும். அந்தத் தளங்களின் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தியிருந்தால் அவற்றை முன்னால் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொன்றையும் மாற்றும்போது மேனேஜரின் ஜெனரேட்டரில் 20 எழுத்து என்று வைத்து உருவாக்குங்கள். முதலில் மேனேஜரில் சேமியுங்கள், பிறகு தளத்தில் மாற்றுங்கள். மாற்றியதும் வெளியேறி மறுபடி நுழைந்து பார்க்க வேண்டும். சில தளங்கள் மாற்றும் பக்கத்தில் 20 எழுத்தையும் வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் 16-ஐ மட்டும் வைத்துக்கொள்ளும்.

‘உங்கள் முதல் பள்ளி எது’ என்பது போன்ற பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மை சொல்லாதீர்கள். உறவினர் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம் எப்படி ரகசியமாகும்? அங்கும் ஏதாவது நாலு சொல்லைப் போட்டு, மேனேஜரின் குறிப்புப் பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒருமுறை மாற்றியதை மாதாமாதம் மாற்ற வேண்டியதில்லை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017-லேயே சொல்லிவிட்டது. நிறைய அலுவலகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இந்தப் படி முடியும்போது எதிர்பாராத ஒரு லாபமும் கிடைக்கும். மேனேஜர் தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் நிரப்பும். வங்கிப் பக்கம் மாதிரியே அச்சாக ஒரு போலிப் பக்கம் வந்தால் நம் கண் ஏமாறும். மேனேஜர் ஒன்றும் காட்டாமல் நிற்கும். அது நிரப்ப மறுத்தால் நீங்கள் தேடி எடுத்து ஒட்டாதீர்கள், முகவரியை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

படி 6: இரண்டாவது பூட்டு

பிட்வார்டனின் செட்டிங்ஸ், செக்யூரிட்டி, டூ-ஸ்டெப் லாகின் போய் ஆத்தென்டிகேட்டர் செயலியை இணையுங்கள். ஆண்ட்ராய்டில் ஏஜிஸ் எனக்குப் பிடித்தது. அதில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண் வரும், நுழையும்போது கடவுச்சொல்லோடு அதையும் அடிக்க வேண்டும். நெட் இல்லாமலும் வேலை செய்யும், போன் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். மின்னஞ்சலுக்கும் இதேபோல் போடுங்கள். எஸ்எம்எஸ் வழியாக வரும் எண்ணைவிட இது நல்லது. உங்கள் எண்ணுக்கு இன்னொருவர் சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவருக்குப் போகும்.

படி 7: அந்தத் தாளை முடிப்பது

இது சின்ன வேலைபோலத் தெரியும். ஆனால் வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற ஆபத்து இங்கேதான் இருக்கிறது. டூ-ஸ்டெப் லாகின் போடாத கணக்குக்கு, 2025 முதல் பிட்வார்டன் புதிய கருவியில் நுழையும்போது மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்புகிறது. அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் எங்கே இருக்கிறது? பிட்வார்டனுக்குள். போன் தொலைந்த அன்றைக்கு இதை யோசித்துப் பயனில்லை. ஆத்தென்டிகேட்டர் போட்டிருந்தாலும் கதை அதுதான். அந்தச் செயலியும் தொலைந்த போனுக்குள்தான் இருக்கும்.

ஆகவே தாளில் இவை எல்லாம் இருக்கட்டும்: பிட்வார்டன் கணக்கின் மின்னஞ்சல் முகவரி, முதன்மைக் கடவுச்சொல், அமெரிக்காவா ஐரோப்பாவா என்ற குறிப்பு, டூ-ஸ்டெப் பக்கத்தில் காட்டும் ரிக்கவரி கோடு (ஆத்தென்டிகேட்டர் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவுவது), மின்னஞ்சலின் கடவுச்சொல், அதே வேலைக்கு மின்னஞ்சல் தரும் காப்புக் குறியீடுகள். புகைப்படம் எடுக்காமல் கையால் எழுதுங்கள். முக்கியமான பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். நம்பிக்கையான ஒருவருக்கு அந்த இடம் மட்டும் தெரிந்திருக்கட்டும்; உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் கணக்குகளைப் பார்க்க வேண்டியவர் அவராக இருக்கலாம்.

எழுதி முடித்ததும், இதுவரை நீங்கள் நுழையாத ஒரு கருவியிலிருந்து, வீட்டில் இன்னொருவருடைய போனானாலும் சரி, தாளை மட்டும் பார்த்து ஒருமுறை உள்ளே நுழைந்து பாருங்கள். நான் முதல் தடவை செய்தபோது என் ரிக்கவரி கோடில் இருந்த ஓர் எழுத்து பூஜ்யமா, ஓ-வா என்று எனக்கே படிக்க முடியவில்லை. தாளைக் கிழித்துப் போட்டு, பெரிய எழுத்தில் மறுபடி எழுதினேன்.