பழைய டப் ரெக்கார்டுகள்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவையும் வாங்கிய பின் செய்ய வேண்டியவையும்

டப் என்பது, பதிவான ரெக்கே பாட்டிலிருந்து குரலைக் குறைத்து, பேஸையும் டிரம்மையும் முன்னுக்குக் கொண்டுவந்து, எக்கோ சேர்த்துப் புதிதாக மிக்ஸ் செய்வது. 1970-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் மிக்ஸ் செய்த டப் ரெக்கே, இன்று ‘காப்பகத்திலிருந்து முதல்முறையாக’ என்ற ஸ்டிக்கரோடு கடைக்கு வருகிறது. ஆனால் அந்த ஒரே ஸ்டிக்கரை நான்கு விதமான சரக்கின்மேல் ஒட்டுகிறார்கள். எது எது என்று தெரியாமல் வாங்கினால் காசு வீண்.

முதல் வகைதான் உண்மையான புதையல்: அந்தக் காலத்திலேயே மிக்ஸ் செய்து கால் அங்குல டேப்பில் பிடித்து வைத்தது. இரண்டாவது, வாத்தியங்களையும் குரலையும் தனித்தனியாகப் பதிந்த பழைய நான்கு டிராக் டேப்பை மட்டும் கண்டெடுத்து, அதை இன்று யாரோ புதிதாக மிக்ஸ் செய்தது. வாசிப்பு பழையது, டப் புதியது. மூன்றாவது, டேப் தொலைந்துபோனதால் பழைய 7 அங்குல ரெக்கார்டிலிருந்தோ எல்.பி.யிலிருந்தோ எடுத்தது. நான்காவது, சவுண்ட் சிஸ்டத்துக்காக (பெரிய ஒலிபெருக்கிகளோடு நடன நிகழ்ச்சி நடத்தும் குழு) வெட்டிய அசிடேட் டப்பிளேட்டிலிருந்து, அதாவது ஒற்றைப் பிரதியாக வெட்டிய தட்டிலிருந்து, எடுத்தது. இதில் மூன்றாவதையும் நான்காவதையும் மட்டம் என்று ஒதுக்கிவிடக்கூடாது. டப் மிக்ஸ் என்பது மிக்ஸர் முன்னால் நின்று அந்த நேரத்தில் கையால் வாசிப்பது. அதை நேராக அசிடேட்டில் வெட்டி அனுப்பிய நாட்கள் உண்டு. டேப் விலை அதிகம் என்பதால் பழையதை அழித்து மேலேயே பதிந்தவர்களும் உண்டு. ஆகவே பல மிக்ஸ்களுக்கு இன்று ரெக்கார்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது. குறை சொல்ல வேண்டியது, இரண்டாவது வகையை முதல் வகை என்று விற்பதைத்தான்.

அட்டையில் எதைப் படிப்பது

‘ரீமாஸ்டர்’ என்ற சொல்லை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். எதிலிருந்து எடுத்தார்கள் என்பதை அது சொல்வதில்லை. தேட வேண்டியது மூன்று விவரங்கள்: மிக்ஸ் செய்தவர் யார், எந்த ஸ்டுடியோவில், எந்த ஆண்டில். வாசித்த ஸ்டுடியோ மட்டும் இருந்து மிக்ஸ் செய்த இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். 1993-ல் மான்செஸ்டரில் தொடங்கிய பிளட் அண்ட் ஃபயர், இந்த விவரங்களையெல்லாம் விரிவாக அச்சிட்டுத் தருவதை ஒரு வழக்கமாக்கிய லேபிள். அந்த அளவுக்கு விவரம் தராத வெளியீட்டை வாங்கக்கூடாது என்றில்லை. காது கொடுத்துச் சோதித்துவிட்டு வாங்குங்கள்.

ரெக்கார்டிலிருந்து எடுத்ததா என்று பார்க்க, பாட்டு தொடங்கும் முன் உள்ள அமைதியையும் இசை வடிந்து எக்கோ மட்டும் நிற்கும் இடங்களையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். மெல்லிய ‘டிக்’ ஒன்று சரியாக 1.33 வினாடிக்கு ஒருமுறை திரும்ப வந்தால் அது 45 சுற்று ரெக்கார்டில் இருந்த கீறல். 1.8 வினாடிக்கு ஒருமுறை என்றால் 33⅓ சுற்று எல்.பி. இன்னொரு தடயம், பாட்டு முடிவை நெருங்க நெருங்கச் சிம்பல் ஓசை கரகரப்பது. உள்வட்டத்தில் ஊசி தடுமாறுவதால் வருவது அது, டேப்பில் வராது.

இன்றைய மிக்ஸைக் கண்டுபிடிக்க எக்கோவைக் கவனியுங்கள். பழைய டேப் எக்கோவில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மேல் ஸ்தாயி கொஞ்சம் மங்கும், சுருதி லேசாக ஆடும். பத்தாவது திருப்பமும் முதல் திருப்பம் போலவே பளிச்சென்று இருந்தால் அநேகமாக அது டிஜிட்டல் டிலே.

யாருடைய மிக்ஸ் என்பதற்கும் காது உதவும். டப்பின் முன்னோடி மிக்ஸிங் கலைஞர் கிங் டபி, கிங்ஸ்டனின் ட்ரோமில்லி அவென்யூ 18-ஆம் எண் வீட்டில் வைத்திருந்த மிக்ஸர், பைரன் லீயின் டைனமிக் ஸ்டுடியோ கழித்துக்கட்டிய எம்.சி.ஐ. நிறுவனத் தயாரிப்பு. அதில் இருந்த ஹை-பாஸ் ஃபில்டரின் (கீழ் ஸ்தாயியை வெட்டுவது) பெரிய குமிழ் வழுவழுவென்று சுழல்வதில்லை, படிப்படியாகத் தாவும். ஹை-ஹாட்டோ கிட்டாரோ படிப்படியாக மெலிந்து கம்பிபோல ஆகி, மறுபடி தடிப்பது அந்தக் குமிழின் வேலை. தயாரிப்பாளர் லீ பெர்ரியின் பிளாக் ஆர்க் ஸ்டுடியோவில் நிலைமை வேறு. டியாக் நான்கு டிராக் டேப் மெஷின்; டிராக் போதாதபோது இருப்பதையெல்லாம் ஒன்றாக்கி மறுபடி பதிவார். ஒவ்வொரு தடவையும் இரைச்சல் ஏறும். பிளாக் ஆர்க் பதிவு ஒன்று இரைச்சலே இல்லாமல் துல்லியமாகக் கேட்டால் மகிழ வேண்டாம். இரைச்சலோடு சேர்த்து வேறு எதையோ வழித்தெடுத்திருக்கிறார்கள்.

ரன்-அவுட் வளையம்

பழைய ரெக்கார்டையே வாங்குபவர்கள் லேபிளை விட, லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையே உள்ள வழுவழுப்பான வளையத்தைத்தான் நம்ப வேண்டும். அதில் கையால் கீறியோ முத்திரை குத்தியோ மேட்ரிக்ஸ் எண் இருக்கும். ஜமைக்கா 45-கள் (45 சுற்று, 7 அங்குல ரெக்கார்டுகள்) பலவற்றில் லேபிளே வெற்றாக இருக்கும், பின்பக்கத்தில் ‘வெர்ஷன்’ என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. ஒரே ரிடிமுக்கு (பாட்டின் அடிப்படை வாத்திய இசை) ஏழெட்டு வெர்ஷன் இருக்கும்போது எது எது என்று பிரிக்க இந்த எண்தான் துணை.

இதில் ஒரு பொறி உண்டு. மேட்ரிக்ஸ் எண் எந்த அச்சிலிருந்து வந்தது என்று சொல்லுமே தவிர, எந்த ஆண்டில் அழுத்தியது என்று சொல்லாது. பழைய ஸ்டாம்பரை (ரெக்கார்டை அழுத்தும் உலோக அச்சு) வைத்தே பல ஆண்டுகள் கழித்து மறுபடி அழுத்தியிருக்கிறார்கள். எண் அச்சு அசலாக அதேதான் இருக்கும். ஸ்டாம்பர் தேய்ந்திருப்பதால் ஓசை மங்கியிருக்கும். எண்ணோடு லேபிள் தாள், மை, நிறம் எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகே முதல் அழுத்தம் என்று நம்புங்கள். பழையது அல்ல என்று கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது: ஆறு இலக்க எண்ணைத் தொடர்ந்து ஈ1, சாய்கோடு, ஏ என்று இருந்தால் அது செக் நாட்டு ஜி.இசட். ஆலையின் குறி. ‘1975 ஒரிஜினல்’ என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

எல்.பி.களில் பாட்டுகளையும் எண்ணிப் பாருங்கள். 1973-ல் வந்த, லீ பெர்ரியின் குழுவான அப்செட்டர்ஸின் பிளாக்போர்ட் ஜங்கிள் தன் பெயரிலேயே 14 டப் என்று சொல்கிறது. அதே பெயரைச் சுமந்து பின்னால் வந்த சில பதிப்புகளில் எண்ணிக்கையும் குறைவு, மிக்ஸும் வேறு.

ஆன்லைனில் வாங்கும்போது விற்பவரிடம் இரண்டு கேளுங்கள்: ரன்-அவுட்டின் படம், அமைதியான ஒரு பகுதியின் 30 வினாடி ஒலிப்பதிவு. ஜமைக்கா 45-கள் பெரும்பாலும் உறையில்லாமலே கைமாறியவை. பழைய வினைலை உருக்கிச் சேர்த்து அழுத்தியவையும் உண்டு. பார்க்கப் பளபளக்கும் ரெக்கார்டு பொரிவதுபோல் சடசடக்கும். கீறல் விழுந்தது சில சமயம் சுத்தமாகப் பாடும். கண்ணால் பார்த்துப் போட்ட கிரேடுக்கு இங்கே மதிப்பு குறைவு.

சுத்தம் செய்தல்

அரை லிட்டர் கரைசலுக்கு: டிஸ்டில்டு வாட்டர் 400 மி.லி., 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி., ஃபிலிம் கழுவும் ஃபோட்டோ-ஃப்ளோ 10 துளி. குழாய்த் தண்ணீர் கூடாது. அதிலுள்ள உப்பு பள்ளத்திலேயே காய்ந்து நிற்கும். ஃபோட்டோ-ஃப்ளோவைக் கூட்டினாலும் படலம் படிந்து ஊசியில் பஞ்சுபோல் திரளும்.

முதலில் லேபிளைக் காப்பாற்றுங்கள். ஜமைக்கா லேபிள் மை ஈரம் பட்டால் கரையும். லேபிளைவிடச் சற்றுப் பெரிய இரண்டு பிளாஸ்டிக் மூடிகளின் ஓரத்தில் ரப்பர் வளையம் வைத்து, 38 மி.மீ. நடுத்துளை வழியாக ஒரு போல்ட்டால் இறுக்கினால் போதும். மென்மையான பிரஷ்ஷால் கரைசலைப் பள்ளத்தின் போக்கிலேயே பரப்பி, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசுங்கள். பலர் விட்டுவிடும் படி இந்த அலசல்தான். விட்டால் அழுக்கு இடம் மாறியிருக்குமே தவிரப் போயிருக்காது.

அசிடேட் டப்பிளேட்டின்மேல் இந்தக் கரைசல் ஒரு துளிகூடப் படக்கூடாது. அது வினைல் அல்ல. அலுமினியத் தகட்டின்மேல் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். ஆல்கஹால் பட்டால் இளகிவிடும். ஓரத்திலோ நடுத்துளையிலோ உலோகம் தெரிகிறதா என்று பார்த்தாலே அடையாளம் தெரியும். கையில் எடுத்தாலும் கனம் காட்டிக்கொடுக்கும். வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால், லாக்கரில் கலந்த எண்ணெய் சிதைந்து வெளியே வருகிறது என்று பொருள். ஒவ்வொரு ஓட்டத்திலும் பள்ளம் தேயும் என்பதால், ‘எப்படி இருக்கிறது பார்ப்போம்’ என்று போட்டுப் பார்க்கவே கூடாது. பதிவுக்கு எல்லாம் தயாரான பிறகு ஓட்டும் முதல் ஓட்டமே பதிவாகட்டும்.

ஓட்டும்போது

ஜமைக்கா 45-களில் அதிகம் காணும் குறை, நடுத்துளை நடுவில் இல்லாதது. அரை மி.மீ. விலகினாலே வெளிவட்டத்தில் சுருதி ஏறத்தாழ 0.6 சதவீதம் ஏறி இறங்கும். மெலோடிகா, ஆர்கன் நீளமாக இழுக்கும் இடங்களில் இது அழுவதுபோல் கேட்கும். பெரிய துளை இதற்கு வசதி: நடுத்துளையில் பொருத்தும் அடாப்டரை எடுத்துவிட்டு ரெக்கார்டை டர்ன்டேபிள் விரிப்பின்மேல் வெறுமனே வையுங்கள். ஊசியை இறக்கி, அதைத் தாங்கும் டோன்-ஆர்ம் இடவலமாக ஆடுவதைக் கவனியுங்கள். ஆர்ம் வெளிப்பக்கம் அதிகபட்சம் போகும் இடத்தை ரெக்கார்டின் ஓரத்தில் மனசில் குறித்துக்கொண்டு, ஊசியைத் தூக்கிவிட்டு, அந்த ஓரத்தை நடுவை நோக்கி மயிரிழை தள்ளுங்கள். மறுபடி இறக்கிப் பாருங்கள். நாலைந்து முறையில் ஆட்டம் நிற்கும். ஊசி ரெக்கார்டின்மேல் இருக்கும்போது மட்டும் தள்ளிவிடாதீர்கள்.

டிராக்கிங் எடையை (ஊசி பள்ளத்தை அழுத்தும் எடை) உங்கள் கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன வரம்பின் மேற்பாதியில் வையுங்கள். எடை குறைந்தால், கனத்த பேஸ் பள்ளத்தில் ஊசி துள்ளிப் பள்ளச் சுவரையே சிதைக்கும். ஆம்பிளிஃபயரில் தாழ்ந்த உறுமலை நீக்கும் ரம்பிள் ஃபில்டர் எங்கே வெட்டுகிறது என்றும் பாருங்கள். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். ஃபில்டர் 20 ஹெர்ட்ஸ் அருகே இருந்தால் நல்லது. 50-ல் வெட்டினால் டப் கேட்கிறோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

கணினிக்கு மாற்றுதல்

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். அளவை மிக உரத்த இடத்தில் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிறுத்துங்கள். அந்த உரத்த இடம் எது என்பதை டப்பில் தொடக்கத்தைக் கேட்டு ஊகிக்க முடியாது. இரண்டு நிமிடம் பேஸ் மட்டும் போய்க்கொண்டிருக்கும்; திடீரென்று ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியைத் தட்டி இடி முழங்கவைப்பார்கள். அளவு மீறுவது அங்கேதான். வினைல் என்றால் ஒரு பக்கத்தை முழுக்க ஓட்டிப் பார்த்து அளவை வையுங்கள். டப்பிளேட்டுக்கு அந்த வசதி இல்லை என்பதால் மைனஸ் 12 என்று தாராளமாக இடம் விடுங்கள்.

பதிந்ததும், மோனோவா ஸ்டீரியோவா என்று சோதியுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு சேனலைத் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்தால், மோனோ ரெக்கார்டில் இசை ஏறக்குறைய காணாமல் போய்ப் பொரிச்சலும் உறுமலும் மட்டும் மிஞ்சும். அப்படியானால் மூலப் பதிவின் இரண்டு சேனலையும் நேராகச் சேர்த்து மோனோ ஆக்குங்கள். இரைச்சல் 3 டெசிபல்வரை தானாகக் குறையும். இசை மிஞ்சினால் கைவைக்காதீர்கள்.

அடுத்தது பொரிச்சல் நீக்குவது. பெரும்பாலான நல்ல பதிவுகள் கெடுவது இங்கேதான். தானியங்கி மென்பொருளுக்கு, ஸ்னேர் விளிம்பில் விழும் ரிம்-ஷாட்டும் ரெக்கார்டுக் கீறலும் ஒன்றுதான்: இரண்டுமே சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குபவை. அதனால் மென்பொருளை மிகக் குறைந்த அளவில் வைத்து, ‘நீக்கியதை மட்டும் கேள்’ என்ற வசதியை இயக்குங்கள். அதில் தாறுமாறான டிக் சத்தம் மட்டும் வந்தால் சரி. தாளம் கேட்டால் ஹை-ஹாட்டைத் தின்றுகொண்டிருக்கிறது, இன்னும் குறையுங்கள். மிஞ்சும் பெரிய கீறல்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, இரண்டு மூன்று மில்லி வினாடிக்குள் கையால் ஒட்டுங்கள்.

தொடர் இரைச்சலை நீக்கும் கருவியை டப்பில் தொடவே வேண்டாம். அமைதியான இடத்தில் இரைச்சலின் மாதிரியை எடுத்துப் பதிவு முழுக்கக் கழிப்பது அதன் முறை. டப்பிலோ இரைச்சல் ஒரே அளவில் நிற்பதில்லை. கிட்டார் ஃபேடரை (மிக்ஸரில் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடி) ஏற்றினால் அந்த டிராக்கின் டேப் இரைச்சலும் சேர்ந்து ஏறும், இறக்கினால் இறங்கும். ஓரிடத்தில் எடுத்த மாதிரி அடுத்த இடத்துக்குப் பொருந்தாது. அதோடு, எக்கோவின் வால் இரைச்சலுக்குள்தான் கரைந்து முடிகிறது. ஒன்றை வெட்டினால் மற்றதும் துண்டாகும். பாட்டுக் குரலின் டிராக்கை நீக்கிய பிறகும் பின்னால் பேய்போல் கேட்கும் பாடகர் குரலும் குறை அல்ல. அது மற்ற டிராக்கில் கசிந்த குரல். மிக்ஸ் செய்தவர் தெரிந்தே விட்டது.

டேப்பே கையில் கிடைத்தால்

ஓட்டிப் பார்க்காதீர்கள். ரீலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒளி ஊடுருவினால் அசிடேட் டேப், அதைச் சூடாக்கக்கூடாது. ஊடுருவாவிட்டால் பாலியெஸ்டர். எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 406, 456 டேப்களில் காந்தத் துகளை ஒட்டி வைக்கும் பைண்டர் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓட்டினால் அந்தத் துகள் பூச்சான ஆக்ஸைடு உரிந்து டேப் மெஷினின் ஹெட்டில் அப்பும், இசையும் அதோடு போகும். கால் அங்குல டேப்பை 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் உலர்த்தி, அறைச் சூட்டுக்கு ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் மாற்றிவிட வேண்டும். சமையலறை ஓவன் உதவாது. அதன் வெப்பம் ஒரு நிலையில் நிற்காது. ஆய்வகங்களில் உள்ள, வெப்பம் மாறாத உலர்த்தும் பெட்டி தேவை. ஓட்டும்போது ஹெட்டின் சாய்வை இந்த டேப்புக்கென்றே திருத்துங்கள்: வெளியீட்டை மோனோவாக்கி, ஹை-ஹாட் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் திருகை நிறுத்துங்கள். ஒரே ரீலில் வேறு வேறு நாட்களில் மிக்ஸ் செய்தவை இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு பாட்டுக்கும் இதை மறுபடி செய்ய வேண்டிவரும்.