இடது பெடலும் காட்டர் பின்னும்

தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றில் பத்து வருடம் திண்ணையிலேயே நின்ற தாத்தாவின் 28 இஞ்ச் சைக்கிள். துரு பெரிய விஷயமில்லை. மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் போதும். இடது பெடல்தான் அசையவில்லை. அதற்கு மரை தலைகீழ் என்பதை மறந்து, கழற்றுவதாக நினைத்து அரைமணி நேரம் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அப்புறம் காட்டர் பின், அதாவது பெடல் மாட்டும் கையை (கிராங்கை) நடு அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு. ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவிட்டேன். நட்டை முழுசாகக் கழற்றாமல் பின்னின் நுனிமட்டத்துக்குக் கொண்டுவந்து, கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து, சுத்தியலால் ஒரே போடு. டங்கென்று இறங்கியது. புது பின்கள் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் போட வேண்டும். நான் ஒரே பக்கமாகப் போட்டதில் பெடல்கள் நேர்கோட்டில் நிற்காமல் கோணிக்கொண்டன. மறுபடியும் சுத்தியல். இப்போது நன்றாக ஓடுகிறது, மணிதான் இன்னும் ஊமை.