கா பாயின்ட் பூங்கா: சேற்றில் பணத்தை விடாமல் பார்த்து வர

அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில், கேன்சஸ் ஆறு மிசூரி ஆற்றில் கலக்கும் கூடுதுறைதான் கா பாயின்ட். கேன்சஸ் ஆற்றை இங்கே எல்லாரும் 'கா' என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் புறப்பட்ட லூயிஸும் கிளார்க்கும் தங்கள் ஆட்களோடு 1804 ஜூன் 26 முதல் 29 வரை முகாம் போட்ட இடம் என்பதால் இதைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்கள், புதிதாகக் குடிவந்த நண்பர்கள் என்று வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது யாரையாவது இங்கே கூட்டிப் போகிறேன். போன தடவை, நான் ஒரு காலத்தில் செய்த அதே முட்டாள்தனத்தை ஒரு குடும்பம் என் கண்ணெதிரே செய்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். தொப்பி, தண்ணீர் பாட்டில், கொசு மருந்து பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். இங்கே வருகிறவர்கள் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

தப்பான கேன்சஸ் சிட்டிக்குப் போவது

கேன்சஸ் சிட்டி இரண்டு உண்டு. உயரமான கட்டடங்கள் இருப்பது மிசூரி மாநிலத்து ஊரில். பூங்கா இருப்பது கேன்சஸ் மாநிலத்து ஊரில். மேப்பில் 'ஆற்றங்கரைப் பூங்கா' என்று பொதுவாகத் தேடினால் மிசூரிப் பக்கத்து பெர்க்லி பூங்காவில் போய் இறங்குவீர்கள். அதுவும் நல்ல இடம்தான், ஆனால் அங்கே கூடுதுறை கிடையாது. சரியான வழி ஃபேர்ஃபாக்ஸ் தொழிற்பேட்டைக்குள் போகிறது. லாரிகளையும் கிடங்குகளையும் பார்த்து, வழி தவறிவிட்டோம் என்று பாதியில் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். திரும்பாதீர்கள்.

சகாகவியாவைத் தேடுவது

லூயிஸ், கிளார்க் குழுவுக்கு மொழிபெயர்ப்பில் உதவிய பழங்குடிப் பெண் அவர். ஆனால் இங்கே முகாம் போட்டபோது அவர் குழுவில் இல்லை. 1804-05 குளிர்காலத்தில், இன்றைய வட டகோட்டாவில் மாண்டன் கோட்டையில் தங்கியிருந்தபோதுதான் அவர் குழுவோடு சேர்ந்தார். திரும்பும் வழியிலும் அந்தப் பகுதியிலேயே நின்றுவிட்டார். குழந்தைகளிடம் 'சகாகவியா இங்கேதான் நின்றாள்' என்று அப்பாக்கள் கதை விடுவதைக் கேட்டு நான் வாயை மூடிக்கொண்டு நிற்பது வழக்கம்.

வெள்ளம் வடிந்துவிட்டது என்று காரைக் கீழே இறக்குவது

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான்.

பூங்கா வெள்ளத் தடுப்புச் சுவருக்கு வெளியே, ஆற்றுப் பக்கம் இருக்கிறது. அந்தச் சுவர் எதற்கென்று 1951 வெள்ளத்தைப் பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். ஃபேர்ஃபாக்ஸே அன்று தண்ணீருக்குள் இருந்தது. ஆறு ஏறும்போது யாரும் அங்கே போவதில்லை, அந்த அளவு புத்தி எல்லாருக்கும் இருக்கிறது. மாட்டிக்கொள்வது தண்ணீர் இறங்கிய பிறகு.

கேன்சஸ் சிட்டியில் மிசூரியின் வெள்ள மட்டம் 32 அடி. தேசிய வானிலைச் சேவையின் பக்கத்தில் அன்றைய மட்டத்தைப் பார்க்கலாம். நானும் பார்த்தேன். எண் நன்றாகவே குறைந்திருந்தது, மூன்று நாளாக வெயிலும் அடித்திருந்தது. மாமனாருக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. சரி, படகுத்துறைக்குப் பக்கத்தில் இறக்கிவிடலாம் என்று கான்கிரீட்டை விட்டு ஒதுங்கி நிறுத்தினேன். தரை பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருந்தது. நம் ஊர் ஏரி வற்றினால் இருக்குமே, அப்படி. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

மிசூரி வண்டல் சுமக்கும் ஆறு. தண்ணீர் கரையேறி வேகம் குறையும் இடத்தில் அந்த மெல்லிய வண்டலை அப்படியே விட்டுவிட்டுப் போகிறது. மேலே வெயில் பட்டு ஓடு மாதிரி காயும். அடியில் இருப்பதோ குழைத்த களிமண். வெடிப்பு விழுந்துவிட்டதால் உள்ளேயும் காய்ந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். கிளம்பும்போது பின்சக்கரம் ஒரு சுற்று சும்மா சுற்றியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் பலகை வைத்தாவது எடுத்திருக்கலாம். நான் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். ஒரு நிமிஷத்தில் அச்சு வரைக்கும் உள்ளே.

என் சாலை உதவித் திட்டம், சாலையை விட்டு இறங்கிய காருக்குப் பொருந்தாது என்று போனில் சொன்னார்கள். இழுவை வண்டிக்கு 240 டாலர், மூன்று மணி நேரம். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். ஊருக்குப் போய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார்.

இப்போது போனதும் முதலில் கரையோர மரங்களைப் பார்ப்பேன். அடிமரத்தில் எந்த உயரம் வரை சேறு பூசியிருக்கிறதோ, அந்த உயரம் வரைக்கும் உள்ள தரையை நம்ப மாட்டேன். அப்புறம் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி. ஓடு உடைந்து கால் வழுக்கினால் கார் கான்கிரீட்டிலேயே நிற்கும், வயதானவர்களைக் கைபிடித்துக் கூட்டிப் போவேன். போன தடவை அந்தக் குடும்பத்திடம் இதைச் சொன்னபோது, 'காய்ந்துதானே சார் இருக்கு' என்று சிரித்தார்கள். இருபது நிமிஷம் கழித்து இழுவை வண்டியின் நம்பர் என்னிடம்தான் கேட்டார்கள்.

தண்ணீரில் கால் நனைப்பது

வேண்டாம்.

எம்ஆர்340 தொடங்கும் நாளில் போவது

340 மைல் துடுப்புப் படகுப் போட்டி இங்கிருந்துதான் புறப்படும். படகுகள் பார்க்க வேண்டுமென்றால் போங்கள். அமைதி வேண்டுமென்றால் தேதி பார்த்துவிட்டு வேறு நாளில் வாருங்கள்.

கிளார்க்கின் நாட்குறிப்பைப் படிக்காமல் போவது

படிக்காமல் போனால் இது இரண்டு கலங்கல் ஆறுகளும் ஒரு பாலமும் மட்டும்தான். அந்த நான்கு நாள் குறிப்புகளைப் போனில் திறந்து அங்கேயே படியுங்கள், இணையத்தில் இலவசம். முதல் நாள் மாலையில் கூட்டம் கூட்டமாகக் கிளிகள் பார்த்ததாக எழுதியிருக்கிறார். கரோலினா கிளி என்ற அந்த இனத்தின் கடைசிக் கிளி 1918ல் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் செத்துப்போனது. கா ஆற்றுத் தண்ணீரின் ருசி தனக்குப் பிடிக்கவில்லை என்றும் ஒரு வரி வரும்.

கடைசி நாள் குறிப்பைத் தவறவிடாதீர்கள். காவலுக்கு நின்ற காலின்ஸ் என்ற சிப்பாய், எல்லாருக்கும் பொதுவான விஸ்கிப் பீப்பாயில் கை வைத்துவிட்டார். ஹால் என்பவரும் சேர்ந்துகொண்டார். கூட இருந்த சிப்பாய்களே உட்கார்ந்து விசாரித்தார்கள். காலின்ஸுக்கு 100 சவுக்கடி, ஹாலுக்கு 50. மாலை மூன்றரைக்குத் தண்டனை, நாலரைக்கெல்லாம் படகு கிளம்பிவிட்டது.