டைனோசர்னு சொல்லி எதையும் ஷேர் பண்றதுக்கு முன்னாடி: நாம வழக்கமா பண்ற தப்புகள்

2020 அக்டோபர்ல பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்துல குளத்துல மண்ணு எடுக்கும்போது உருண்டை உருண்டையா பெரிய கல்லுங்க வெளிய வந்துச்சு, உடனே யாரோ அதுக்கு "டைனோசர் முட்டை"ன்னு பேரு வெச்சுட்டாங்க, அவ்ளோதான், வாட்ஸப் பூரா அதே போட்டோ. அப்புறம் விஷயம் தெரிஞ்சவங்க வந்து பாத்துட்டு இது முட்டையே இல்ல, அம்மோனைட் சம்பந்தப்பட்ட கடல் படிவம்னு சொன்னாங்க. ஆனா மறுப்பு செய்திய எவன் ஃபார்வர்ட் பண்றான்? முட்டை கதைதான் நின்னுச்சு.

அம்மோனைட்னா சுருள் சுருளா ஓடு இருக்கற ஒரு கடல் உயிரி, இன்னிக்கு இருக்கற கணவாய், ஆக்டோபஸுக்கெல்லாம் தூரத்து சொந்தம். அது செத்து கடலடி சேத்துல விழுந்தா, அதைச் சுத்தி இருக்கற வண்டல்ல சுண்ணாம்புச்சத்து சேந்து மெதுவா இறுகி உருண்டையா ஆகிடும். அரியலூர், பெரம்பலூர் பக்கம் நெறைய எடம் கிரெட்டேசியஸ் காலத்துல, அதாவது டைனோசர் யுகத்தோட கடைசிக் கட்டத்துல, கடலுக்கு அடியில இருந்துச்சு, அதனால அங்க இந்த மாதிரி உருண்டை கெடைக்கறதுல அதிசயமே இல்ல. டைனோசர் முட்டை போட்டது தரையில. கடல் பாறைக்குள்ள கூடு கட்டி முட்டை இருக்குன்னு ஒருத்தர் சொன்னா அங்கயே ஒரு சந்தேகம் வரணும். நெஜமான முட்டைன்னா வெளிய ஓடு இருக்கும், ஒடச்சுப் பாத்தா அந்த ஓடு தனி அடுக்கா தெரியும், லென்ஸ் வெச்சுப் பாத்தா சின்னச் சின்ன துளை கூட தெரியும். உருண்டையா இருக்குங்கறது மட்டும் ஒரு ஆதாரமே கெடையாது.

இதுக்கு நேர் தலைகீழா மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்துல ஒண்ணு நடந்துச்சு. அங்க சில கிராமத்துல உருண்டைக் கல்ல காகர் பைரவ்னு பேரு சொல்லி வயலக் காக்கற சாமியா தலைமுறை தலைமுறையா கும்பிட்டுட்டு இருந்தாங்க, வந்து பாத்தவங்க இது டைட்டனோசர்ங்கற நீளக் கழுத்து டைனோசரோட முட்டைன்னு சொன்னதா 2023 கடைசில செய்தி வந்துச்சு. அதே மாவட்டத்துல 92 கூடு, 256 முட்டைன்னு ஆராய்ச்சிக் கட்டுரையே அந்த வருஷ ஆரம்பத்துல வந்திருந்துச்சு, அதனால அத நம்பறதுக்கு ஒரு அடிப்படை இருக்கு. இங்க கல்ல முட்டைன்னோம், அங்க முட்டைய கல்லுன்னு நெனச்சு கும்பிட்டிருக்காங்க.

இந்த மாதிரி எது வந்தாலும் மூணே கேள்வி கேட்டா போதும்னு எனக்குத் தோணும். எந்தக் காலம்? எந்த எடம்? கையில இருக்கற எலும்பு எது? நம்ம ஆளுங்க பண்ற முக்காவாசி தப்பு இந்த மூணுல ஒண்ண கேக்காம விட்டதாலதான் வருது.

பெருசா, பழசா, பயமா இருந்தா எல்லாமே டைனோசர்ங்கறது அதுல மொத தப்பு. கடைல விக்கற பிளாஸ்டிக் டைனோசர் பாக்கெட்ட பிரிச்சுப் பாருங்க, உள்ள றெக்கை வெச்ச டெரோசர் ஒண்ணு, துடுப்பு வெச்ச பிளீசியோசர் ஒண்ணு, முதுகுல பாய்மரம் மாதிரி விரிச்ச டைமெட்ரோடான் ஒண்ணு, சில பாக்கெட்ல மாமூத் யானை கூட இருக்கும். இதுல ஒண்ணு கூட டைனோசர் இல்ல. டெரோசர் டைனோசருக்கு நெருங்கின பங்காளி, அவ்ளோதான். பிளீசியோசர், மோசசர் எல்லாம் கடல்ல வாழ்ந்த வேற ஊர்வன. டைமெட்ரோடான் கதைதான் சூப்பர், அது டைனோசர் தோன்றதுக்கு பல கோடி வருஷம் முன்னாடியே அழிஞ்சு போச்சு, வம்சாவளி பாத்தா அது பல்லிய விட நமக்குத்தான் கிட்ட. சரி அப்போ டைனோசர்னு எத சொல்றது? காலு ஒடம்புக்கு நேர் கீழ தூண் மாதிரி எறங்கும், முதலை மாதிரி பக்கவாட்டுல அகட்டி நிக்காது, அது ஒரு முக்கியமான அடையாளம். அப்புறம் டைனோசர் மொத்தமா அழியவும் இல்ல, உங்க மொட்டமாடிக்கு வர்ற காக்கா அந்த வம்சம்தான். ஓணான் கெடையாது, அத யாரும் குட்டி டைனோசர்னு சொல்லாதீங்க ப்ளீஸ்.

காலக்கணக்குல பண்ற குழப்பம் இன்னும் மோசம். ஸ்டெகோசரஸும் டி-ரெக்ஸும் சண்டை போடற படத்த எத்தனை தடவ பாத்திருப்போம்? ஸ்டெகோசரஸ் சுமார் 15 கோடி வருஷம் முன்னாடி, டி-ரெக்ஸ் 6.6 கோடி வருஷத்துக்கு கொஞ்சம் முன்னாடி, அப்போ நடுவுல 8 கோடி வருஷத்துக்கு மேல கேப். டி-ரெக்ஸுக்கும் நமக்கும் இருக்கற தூரத்த விட அது ஜாஸ்தி. டைட்டனோபோவா பாம்பையும் டைனோசரோட மோத விடறாங்க, அது கொலம்பியாவுல செரஹோன் நிலக்கரி சுரங்கத்துல கெடைச்சது, சுமார் 13 மீட்டர், ஆனா டைனோசர் போய் சில பத்து லட்சம் வருஷம் ஆனதுக்கு அப்புறம் வந்தது. மாமூத்தோ ரொம்ப லேட்டு, ரேங்கல் தீவுல கடைசிக் கூட்டம் சுமார் 4000 வருஷம் முன்னாடி வரைக்கும் இருந்துச்சு, அப்போ எகிப்துல கீசா பிரமிட் கட்டி முடிச்சு சில நூறு வருஷம் ஓடிருச்சு.

1993ல வந்த ஜுராசிக் பார்க் படத்த இப்போ குத்தம் சொல்றது எனக்குப் பிடிக்காது, அந்தக் காலத்துல அது பெரிய வேலை, வாலத் தரையில இழுத்துட்டு சோம்பேறியா நடக்கற டைனோசர ஒழிச்சுக் கட்டினதுல அதுக்கு பங்கு இருக்கு. ஆனா படத்துல பாத்தத அப்டியே பாடம்னு எடுத்துக்கறதுதான் பிரச்சனை. வெலாசிராப்டர் நெஜத்துல ஒரு வான்கோழி சைஸ், வால் நீளமா இருக்கறதால மூக்குலேர்ந்து வால் வரைக்கும் 2 மீட்டர் வரும், எடை 20 கிலோவுக்குள்ள. முன்னங்கை எலும்புல எறகு ஒட்டிட்டு இருந்த முண்டு முண்டான தடம் மங்கோலியாவுல கெடைச்ச ஒரு ஃபாசில்ல இருக்குன்னு 2007ல காமிச்சாங்க, ஆக எறகு இருந்துச்சுங்கறது கற்பனை இல்ல. எறகோட தடம் தெரியற டைனோசர் ஃபாசில் சைனாவுல வெளிய வந்ததே 1996லதான், அதனால மொத படத்துக்கு மன்னிப்பு உண்டு, அப்புறம் வந்த பாகங்களுக்குத்தான் சாக்கு இல்ல. டைலோபோசரஸ் கழுத்துல குடை மாதிரி விரிக்கும், வெஷம் துப்பும்னு காமிச்சதுக்கு ஒரு ஆதாரமும் கெடையாது, உண்மையில அது 6 மீட்டருக்கு மேல வளர்ற பெரிய மிருகம், படத்துல சின்னதாக்கிட்டாங்க. அசையாம நின்னா டி-ரெக்ஸுக்கு கண்ணு தெரியாதுங்கறதும் கதை, அதுக்கு ரெண்டு கண்ணும் முன்பக்கம் பாத்த மாதிரி இருந்துச்சு, பார்வை நல்ல ஷார்ப். நின்னுட்டு இருந்தா நிதானமா சாப்டுட்டு போயிருக்கும்.

எடத்த மறக்கறது இன்னொண்ணு. அரியலூர்ல டைனோசர் எலும்பு கெடைச்சதுன்னு ஒரு செய்தி போட்டா அதுக்கு தம்ப்நெயில்ல டி-ரெக்ஸ் நிக்கும். டி-ரெக்ஸ் வட அமெரிக்காவோட மேற்குப் பக்கம் மட்டும் வாழ்ந்தது, இந்தியா அப்போ தனியா கடல்ல நகந்துட்டு இருந்த நெலம். நம்ம பக்கத்து ஊன் உண்ணி வேணும்னா ராஜாசாரஸ் இருக்கே, குஜராத்ல கெடைச்சது, 2003ல பேரு வெச்சாங்க, நெத்தியில ஒரு கொம்பு மேடு. அத வரைய யாருக்கும் மனசு வரல.

இப்போ நம்ம ஊருக்கே உரிய ஸ்பெஷல் அயிட்டத்துக்கு வருவோம். கடோத்கஜன் எலும்புக்கூடுன்னு ஒரு போட்டோ, பள்ளத்துல ராட்சச மண்டை ஓடு, பக்கத்துல எறும்பு மாதிரி மனுஷங்க, ஈமெயில் காலத்துலேர்ந்து சுத்துது. அது 2002ல ஒரு இணையதள போட்டோ எடிட்டிங் போட்டிக்கு செஞ்சது, அடியில இருக்கற ஒரிஜினல் படம் நியூயார்க் மாநிலத்துல மாஸ்டோடான்ங்கற அழிஞ்சு போன யானை மாதிரி மிருகத்தோட எலும்பு தோண்டின எடம். நெஜமான ராட்சச மிருகத்தோட குழிய காமிச்சு பொய்யான ராட்சசன நம்ம தலையில கட்டிட்டாங்க பாருங்க. 2024ல வாசுகி இண்டிகஸ்ங்கற பழைய பாம்போட ஃபாசில் பத்தி செய்தி வந்தப்பவும் இதே கூத்து. குஜராத் கட்ச்ல பானந்த்ரோ லிக்னைட் சுரங்கத்துல 27 முதுகெலும்புத் துண்டு, சுமார் 4.7 கோடி வருஷம், நீளம் 11லேர்ந்து 15 மீட்டர் இருக்கலாம்னு ஒரு கணக்கு. ஐஐடி ரூர்க்கி ஆளுங்க மரியாதைக்கு வாசுகின்னு பேரு வெச்சாங்க, மறுநாள்லேர்ந்து பாற்கடல் கடைஞ்சதுக்கு ஆதாரம் சிக்கிருச்சுன்னு வீடியோ. 4.7 கோடி வருஷம் முன்னாடி அந்தப் பாம்பப் பாத்து கதை சொல்ல மனுஷனே இல்லையேப்பா.

யாளியும் அப்டித்தான். யாளிங்கற மிருகம் தமிழ்நாட்டுல நெஜமா வாழ்ந்துச்சு, அழிஞ்சு போச்சுன்னு மணிக்கணக்குல பேசறாங்க. கோயில் மண்டபத்துல நின்னு நிதானமா பாருங்க, ஒரு தூண்ல சிங்க மூஞ்சி, இன்னொண்ணுல அதே ஒடம்புக்கு தும்பிக்கை, வேற எடத்துல மகர மூஞ்சி, சிலதுல வாய்க்குள்ள கல் உருண்டை வெச்சு வெளிய எடுக்க முடியாத மாதிரி செதுக்கி இருப்பான். அது சிற்பியோட கைத்திறமை. ஒரு எலும்பு, ஒரு பல்லு இதுவரைக்கும் கெடையாது. கம்போடியாவுல தா ப்ரோம் கோயில்ல ஸ்டெகோசரஸ் இருக்குன்னு சொல்றதும் இந்த ரகம்தான், முதுகுல தட்டு மாதிரி தெரியறது பின்னணி இலை அலங்காரமா இருக்கலாம், ஸ்டெகோசரஸுக்கு ரொம்ப முக்கியமான வால் முள்ளு அதுல இல்ல.

மெகலடான்ங்கற ராட்சச சுறா இன்னும் ஆழ்கடல்ல ஒளிஞ்சிருக்குங்கறத சுருக்கமா முடிச்சிடலாம். 2013ல ஒரு டிவி நிகழ்ச்சி நடிகர்கள வெச்சு அப்டி எடுத்துச்சு, அதுலேர்ந்து பரவினது. அந்தச் சுறா சுமார் 36 லட்சம் வருஷம் முன்னாடி போயிடுச்சு. அது வெதுவெதுப்பான கடல்ல திமிங்கிலம் தின்னு வாழ்ந்தது, இரை கம்மியா, சில்லுனு இருக்கற ஆழத்துல என்ன பண்ணும்? போதாததுக்கு சுறா வாழ்நாள் முழுக்க பல்ல உதுத்துட்டே இருக்கும், உசுரோட இருந்தா புதுப் பல்லு கெடைக்கணும்ல.

டிஎன்ஏ எடுத்து டைனோசர திரும்பக் கொண்டு வர்றதும் நடக்காது. இதுவரைக்கும் படிக்க முடிஞ்ச ரொம்பப் பழைய டிஎன்ஏவே கிரீன்லாந்துல கெடைச்ச சுமார் 20 லட்சம் வருஷத்துதுதான், டைனோசருக்கு 6.6 கோடி வேணும். 2025ல டயர் உல்ஃப்ங்கற அழிஞ்சு போன ஓநாய் மாதிரி மிருகம் திரும்பி வந்துருச்சுன்னு ஒரு கம்பெனி அறிவிச்சப்போ கூட, செஞ்சது சாம்பல் ஓநாயோட 14 ஜீன்ல 20 திருத்தம். அழகான ஓநாய்க் குட்டிங்க, அவ்ளோதான்.

கடைசியா சைஸ் பெருமை. இதுவரைக்கும் உறுதியாத் தெரிஞ்ச மிருகங்கள்ல எடையில பெருசு நீலத் திமிங்கிலம், அது இன்னும் உசுரோட நீந்திட்டு இருக்கு. அதுக்குப் போட்டியா சொல்லப்படற ஒண்ணு நம்ம அரியலூர் மாவட்டம் கல்லமேட்டுல கெடைச்ச ப்ருஹத்காயோசரஸ். 1980கள்ல ஜிஎஸ்ஐ (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்) ஆளுங்க அறிவிச்சாங்க, மொதல்ல ஊன் உண்ணின்னு நெனச்சாங்க, அப்புறம்தான் நீளக் கழுத்து தாவர உண்ணின்னு தெளிவாச்சு, முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பு மட்டும் 2 மீட்டர். 100 டன்னுக்கு மேலன்னு கூட கணக்கு போட்டிருக்காங்க. ஆனா அந்த எலும்பு இப்போ இல்ல, பதமான களிமண்ணுலேர்ந்து எடுத்ததுமே பொடிஞ்சு போக ஆரம்பிச்சு கை விட்டுப் போச்சு, மிச்சம் படமும் அளவும்தான். அதனால "உலகத்துலயே பெருசு எங்க ஊரு டைனோசர்"னு அடிச்சு விடாதீங்க, "இருக்கலாம், சரிபாக்க எலும்பு இல்ல"ன்னு சொல்லுங்க.

அந்தப் பக்கம் ஓடையிலயோ காட்டுலயோ ஏதாச்சும் கண்ணுல பட்டா கடப்பாரை வெச்சு நெம்பாதீங்க, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி கழுவவும் வேணாம். எந்த அடுக்குல இருந்துச்சுங்கறதுதான் அதோட வயசச் சொல்லும், எடுத்துட்டா அது போச்சு. பக்கத்துல ஒரு பேனாவோ காசோ வெச்சு ரெண்டு மூணு போட்டோ, லொக்கேஷன் பின், அத ஜிஎஸ்ஐக்கோ பக்கத்து காலேஜ் புவியியல் துறைக்கோ அனுப்புங்க. கேப்ஷன் அவங்க போடட்டும்.